கடையடைக்கும் நேரம்

பழவேற்காடு ஏரிக்குத் தெற்கே, கடலுக்கும் உப்பங்கழிக்கும் இடையில் கிடக்கும் மணல் திட்டில் காட்டுப்பள்ளி என்னும் மீனவச் சிற்றூர் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அம்மக்கள் அறிந்த வாணிகம் மீனும் இறாலும் நண்டும்தான். 2013-ஆம் ஆண்டில் அங்கே துறைமுகம் இயங்கத் தொடங்கியபின், சரக்குப் பெட்டிகளைச் சுமந்த லாரிகள் இரவு பகல் பாராமல் அப்பக்கத்துச் சாலைகளில் ஓடலாயின. லாரி ஓட்டுநருக்குத் தேநீர் வேண்டும். நடுநிசியிலும் இரண்டு இட்டலி வேண்டும். சக்கரத்துக்குப் பஞ்சர் ஒட்ட ஆள் வேண்டும். கைப்பேசிக்குப் பணம் ஏற்ற வேண்டும். வலையைச் சுருட்டி வைத்த குடும்பங்கள் சில, சாலையோரத்தில் நான்கு கொம்பு நட்டு, கீற்று வேய்ந்து, கடை போட்டன. வலைக்குக் காற்றும் நீரோட்டமும் பார்ப்பது போல, கடைக்கும் சில பருவங்களைப் பார்க்க வேண்டும் என்பதை அவை விரைவிலேயே கற்றுக்கொண்டன.

கடை நடத்தும் நம் பங்கு மக்களுக்கு ஒரு கணக்கு மனப்பாடம். பாலுக்கு இவ்வளவு, சர்க்கரைக்கு இவ்வளவு, எரிவாயுவுக்கு இவ்வளவு, ஸ்டேஷனுக்கு இவ்வளவு. எந்த ஸ்டேஷன் என்று இங்கே எழுத வேண்டியதில்லை. கடற்கரையானாலும் உள்நாடானாலும், சென்னையானாலும் குமரியானாலும், சிறு கடைக்காரர் எவரிடம் கேட்டாலும் இக்கணக்கு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கக் காண்கிறோம். அதற்கு வழங்கும் பெயர் மாமூல். அரபு மொழியிலிருந்து உருது வழியாக நம்மிடம் வந்த அச்சொல்லுக்கு வழக்கமானது என்பதே பொருள். அநீதி ஒன்று வழக்கமாகிவிட்டால், பிறகு அதை அநீதி என்று அழைக்கவும் நா எழுவதில்லை. பணமாகக் கொடாதவர் பண்டமாகக் கொடுக்கிறார். தேநீருக்கும் வடைக்கும் காசு கேட்பதில்லை. திருநாள் காலத்தில் நல்ல நண்டு ஒரு கூடை தனியே போகிறது.

கொடுக்காவிட்டால் என்ன நேரும்? பெரும்பாலும் ஒன்றும் பெரிதாக நேராது. கடை மூடும் நேரத்தில் ஜீப் வந்து நிற்கும். அவ்வளவே. சிறு கடைக்காரரை அடக்குவதற்கு நம் நாட்டில் கையாளப்படும் எளிய ஆயுதம் கடிகாரம்தான். கடைகள் திறந்து மூடும் நேரத்தை ஒழுங்குசெய்வது 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். அச்சட்டத்தின்படி ஆய்வு செய்ய வேண்டியவர்கள் தொழிலாளர் துறையின் ஆய்வாளர்கள். ஆனால் தொழிலாளர் துறை ஆய்வாளரை நேரில் கண்ட பெட்டிக்கடைக்காரர் எத்தனை பேர்? அவர் அறிந்ததெல்லாம் லத்தியால் தட்டியைத் தட்டி, மணி என்ன என்று கேட்கும் குரல் ஒன்றே. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்கள் உள்ள கடைகள் இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-இல் தமிழக அரசு ஆணையிட்டது. பெரிய கடைக்கு இரவெல்லாம் விளக்கெரிய வழி பிறந்தது. தாயும் மகளும் மட்டும் நிற்கும் தேநீர்க் கடைக்கு அச்சலுகையில் இடமில்லை என்பதை எண்ணும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது. சிரித்து முடிந்தபின் கசக்கிறது.

இந்தக் கடிகாரக் கணக்கு எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடக்கூடும் என்பதற்குத் தமிழகம் மறக்கவொண்ணாத சான்று ஒன்று உண்டு. நம் ஏரிக்கரையிலும் சாத்தான்குப்பம் என்றோர் ஊர் இருப்பதால், அச்செய்தி முதன்முதல் வந்த நாளில் நம்மவர் சிலர் பதறிப்போய் விசாரித்தனர். அது இந்த ஊர் அன்று. தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளம்.

2020 ஜூன் 19, வெள்ளிக்கிழமை. கொரோனாத் தொற்றுக்காக ஊரடங்கு நடைமுறையில் இருந்த காலம். சாத்தான்குளம் காமராஜர் சிலையருகே 31 வயதான பென்னிக்ஸ் கைப்பேசிக் கடை நடத்திவந்தார். அன்று மாலை கடையருகே நின்ற அவருடைய தந்தை ஜெயராஜைக் காவலர்கள் நிலையத்துக்கு அழைத்துச் சென்றனர். தந்தைக்கு வயது அறுபதை நெருங்கியிருந்தது. தந்தையைத் தேடி மகன் பின்னாலேயே போனார். ஊரடங்கு நேரத்துக்குப் பிறகும் கடையைத் திறந்து வைத்திருந்தனர். கேட்ட காவலர்களைத் திட்டினர், தடுத்தனர், மிரட்டினர். தரையில் உருண்டு புரண்டு உள்காயம் தேடிக்கொண்டனர் என்று முதல் தகவல் அறிக்கை எழுதப்பட்டது. பக்கத்துக் கடையின் கண்காணிப்புக் கேமரா வேறொன்றைச் சொல்லிற்று. அதில் தள்ளுமுள்ளும் இல்லை, உருளலும் இல்லை. அழைத்தவுடன் நடந்துபோகும் முதியவரையும், பிறகு புறப்பட்டுப் போகும் மகனையுமே நாடு கண்டது.

அன்றிரவு நிலையத்தினுள் நடந்ததை மத்தியப் புலனாய்வுத் துறையின் குற்றப்பத்திரிகை விவரிக்கிறது. மாலை ஏழே முக்கால் மணியளவில் தொடங்கி மறுநாள் அதிகாலை மூன்று மணி வரை பல சுற்றுகளாக இருவரும் தாக்கப்பட்டனர் என்று அது கூறிற்று. தாக்கிய முறையை இக்குடும்ப இதழில் விவரிக்க நாம் விரும்பவில்லை. ஜூன் 22 இரவு கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் மகன் இறந்தார். மறுநாள் விடியலில் தந்தை இறந்தார்.

இங்கே சற்றே நின்று சிந்திக்க வேண்டுகிறோம். 19-ஆம் நாள் இரவுக்கும் 22-ஆம் நாள் இரவுக்கும் இடையே மூன்று பகல்கள் இருந்தன. அந்த மூன்று பகல்களில் இவ்விருவரும் இருட்டறையில் மறைத்து வைக்கப்படவில்லை. சட்டம் வகுத்த வழியிலேயே, சட்டம் நிறுத்திய வாயில் ஒவ்வொன்றிலும் நுழைந்து வெளியேறினர். இதுவே நம்மை உறங்கவிடாத செய்தி.

முதல் வாயில் கைது. அவர்கள்மீது சுமத்தப்பட்ட குற்றங்களில் ஒன்றுக்குக்கூட ஏழாண்டுக்கு மேற்பட்ட தண்டனை கிடையாது. ஏழாண்டு வரையிலான குற்றங்களில் போலீசார் வழக்கம்போல் கைது செய்துவிடலாகாது, கைது ஏன் தேவை என்று காரணம் எழுத வேண்டும், நடுவரும் அதைச் சோதிக்க வேண்டும் என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்சநீதிமன்றம் கட்டளையிட்டிருந்தது. ஓர் அழைப்பாணை கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம்.

இரண்டாம் வாயில் மருத்துவர். 20-ஆம் நாள் காலையில் இருவரும் சாத்தான்குளம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டனர். குருதி நிற்காததால் வேட்டியும் லுங்கியும் மாற்றிக்கொண்டே இருக்க நேர்ந்தது என்றும், அடர்நிற லுங்கி கொண்டுவரும்படி காவலர்கள் சொன்னார்கள் என்றும் உறவினரும் நண்பரும் கூறினர். ஆயினும் சிறைக்கு அனுப்பத் தகுந்த உடல்நிலை என்ற சான்று அங்கே கிடைத்தது.

மூன்றாம் வாயில் நீதித்துறை நடுவர். கைதானவரை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 22-ஆம் பிரிவு விதித்திருப்பது ஒரே ஒரு காரணத்துக்காக. சீருடை அணியாத, போலீசுக்குக் கீழ்ப்படியாத ஒருவர் அந்த மனிதனின் முகத்தைப் பார்க்க வேண்டும். உன்னை அடித்தார்களா என்று கேட்க வேண்டும். அன்று அருகழைத்து விசாரிக்காமல், மாடியில் நின்றவாறே காவலில் வைக்க ஒப்புதல் தரப்பட்டது என்று உடன் சென்றவர்கள் கூறினர்.

நான்காம் வாயில் சிறை. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோவில்பட்டிக் கிளைச் சிறைக்கு அவர்கள் அனுப்பப்பட்டனர். உடலில் காயம் இருப்பதைச் சிறைப் பதிவேட்டில் எழுதினார்கள். எழுதினார்கள், உள்ளே சேர்த்தார்கள்.

நான்கு வாயில்களிலும் கையெழுத்து விழுந்தது. பார்த்தவர்தாம் இல்லை. அடித்த கைகளைப் பற்றி நாடெங்கும் பேச்சு எழுந்தது, எழ வேண்டியதே. நமக்கோ அடிக்காத கைகளைப் பற்றியே எண்ணம் ஓடுகிறது. நம் குடும்பங்களிலிருந்து மருத்துவராகவும், செவிலியராகவும், நீதிமன்ற எழுத்தராகவும், சிறைக் காவலராகவும் எத்தனையோ பேர் பணிசெய்கின்றனர். அவர்கள் எவரும் லத்தியைத் தொடுவதில்லை. ஒரு தாளில் ஒப்பமிடுகிறார்கள், அவ்வளவுதான்.

அந்த இருளில் பார்க்கத் துணிந்தவர்களும் இருந்தார்கள் என்பதை எழுதும்போது பேனா சற்றே இலேசாகிறது. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஜூன் 24 அன்று தானாகவே முன்வந்து இவ்வழக்கைக் கையிலெடுத்தது. நீதிபதிகள் பி. என். பிரகாஷ், பி. புகழேந்தி ஆகியோரின் ஆணைப்படி கோவில்பட்டி நீதித்துறை நடுவர் பாரதிதாசன் ஜூன் 28 அன்று சாத்தான்குளம் நிலையத்துக்கு விசாரணைக்குச் சென்றார். நீதித்துறையின் அதிகாரி ஒருவருக்கு அங்கே கிடைத்த வரவேற்பை அவரே அறிக்கையாக எழுதினார். ஆவணங்கள் தரப்படவில்லை. லத்திகளைக் கேட்டபோது மழுப்பினர். ஒருவர் மதிலேறிக் குதித்து ஓடிப்போனார். காவலர் ஒருவர் இங்கே எழுதத்தகாத சொல்லால் அவரை ஒருமையில் எள்ளினார். நிலையத்துக் கேமராப் பதிவுகளோ நாள்தோறும் தாமாகவே அழிந்துபோகும்படி அமைக்கப்பட்டிருந்தன. ஒரு நடுவருக்கே இந்நிலை என்றால், பெட்டிக்கடைக்காரரின் நிலையை நாம் விளக்கத் தேவையில்லை.

அந்த இரவில் நிலையத்தில் பணியிலிருந்த பெண் தலைமைக் காவலர் ரேவதி அதே நாளில் நடுவரிடம் வாக்குமூலம் அளித்தார். விடிய விடிய அடித்தனர் என்றார். லத்திகளிலும் மேசையிலும் இரத்தக் கறை இருக்கிறது, அழித்துவிடுவதற்கு முன் கைப்பற்றுங்கள் என்றார். வெளியே உடன்பணியாளர் கேலி பேசி அச்சுறுத்திக்கொண்டிருந்தனர். சொன்னதில் ஒப்பமிடுவதற்கு அவர் மிகவும் தயங்கினார், அஞ்சினார் என்று நடுவரின் அறிக்கை கூறுகிறது. ஆனாலும் ஒப்பமிட்டார். நான்கு வாயில்களில் விழுந்த கையெழுத்துகளையும் இந்த ஒரு கையெழுத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கிறோம். ரேவதி இரு குழந்தைகளின் தாய். மாதச் சம்பளத்தில் வாழ்ந்தவர். அதே நிலையத்துக்கு மறுநாளும் வேலைக்குப் போக வேண்டியவர். உயர்நீதிமன்றம் அவருக்குப் பாதுகாப்பும் விடுப்பும் வழங்கச் செய்தது.

மறுநாளே, ஜூன் 29 அன்று, தடயங்கள் அழியாமலிருக்க அந்தக் காவல் நிலையத்தை வருவாய்த்துறையின் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும்படி மாவட்ட ஆட்சியருக்கு உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. போலீஸ் நிலையம் ஒன்றைத் தாசில்தார் காவல்காத்த காட்சியை நம் முன்னோர் கண்டதில்லை. இரு மேலதிகாரிகள் உட்பட மூவர்மீது அவமதிப்பு நடவடிக்கையும் தொடங்கியது. ஆய்வாளரும் உதவி ஆய்வாளர் இருவரும் உள்ளிட்ட பத்துக் காவலர் கைதாயினர். அவர்களுள் ஒருவர் அவ்வாண்டு ஆகஸ்டில் கொரோனாவால் இறக்க, எஞ்சிய ஒன்பது பேர்மீது 2020 செப்டம்பரில் குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. மதுரை நீதிமன்றத்தில் விசாரணை ஆண்டுக்கணக்கில் நீண்டது. நாம் இங்கே எழுத வந்தது அவ்வழக்கின் கதையை அன்று. கடைக்குள் நிற்கும் மனிதரைப் பற்றி.

சாத்தான்குளத்தின் கண்ணீர் உலர்வதற்குள், சரியாக ஓராண்டில், 2021 ஜூன் 22 அன்று சேலம் மாவட்டம் பாப்பநாயக்கன்பட்டிச் சோதனைச்சாவடியில் இடையப்பட்டியைச் சேர்ந்த மளிகைக் கடைக்காரர் ஒருவர் நடுச்சாலையில் லத்தியால் அடிக்கப்பட்டு மறுநாள் இறந்தார். அவர் மது அருந்தியிருந்தார் என்றார்கள். இருக்கட்டும். மது அருந்தியவனுக்கு மரணம் தண்டனை என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? அடித்ததைக் கைப்பேசியில் படம் பிடித்தவர் இருந்ததால் அது வெளிவந்தது.

போலீசார் பக்கத்தையும் எண்ணிப் பார்க்காமல் எழுதுவது நீதியாகாது. நம் பங்குகளில் போலீஸ் குடும்பங்கள் உண்டு. ஞாயிறு பூசைக்குக் கணவர் வர இயலாமல் பிள்ளைகளோடு தனியே வரும் மனைவியரை நாம் அறிவோம். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்னும் ஆணைகூடத் தமிழகக் காவலருக்கு 2021-இல்தான் கிட்டியது. மேலே இருப்பவரின் ஏச்சைக் கேட்டுவிட்டுக் கீழே இருப்பவர்மேல் அதை இறக்கி வைப்பது எல்லா அலுவலகத்திலும் உண்டு. போலீஸ் நிலையத்தில் இறக்கி வைக்கும்போது கையில் லத்தி இருந்துவிடுகிறது. இவையெல்லாம் விளக்கங்கள்; நியாயங்கள் அல்ல. யோர்தான் கரையில் ஸ்நாபக அருளப்பரிடம் படைவீரர் வந்து தங்களுக்கு என்ன வழி என்று கேட்டதை லூக்காஸ் எழுதிவைத்திருக்கிறார். வேலையை விட்டுவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. எவரையும் மிரட்டிப் பணம் பறிக்க வேண்டாம், பொய்க் குற்றம் சுமத்த வேண்டாம், சம்பளத்தோடு நிறைவடையுங்கள் என்ற கருத்தைத்தான் சொன்னார். மாமூலும் பொய் வழக்கும் ஈராயிரம் ஆண்டுக்கு முன்னமே ஒன்றாகக் கைகோத்து நடந்தன என்பது அதிலிருந்து தெரிகிறது.

நம் மக்களிடம் இதைப் பேசும்போது கிடைக்கும் விடை ஒன்றுதான்: "நமக்கேன் வம்பு, சாமி? கொடுத்துவிட்டுப் போனால் கடையாவது நடக்கும்." இதைக் கோழைத்தனம் என்று கண்டிக்க நமக்கு மனம் வரவில்லை. நாளைக்குப் பால் வாங்கக் காசு புரட்ட வேண்டியவரின் கணக்கு அது. ஆனால் பொறுமை என்னும் புண்ணியத்தின் பெயரால் இதைப் போற்றுவாரும் உண்டு. அதை நாம் ஏற்பதற்கில்லை. பிலிப்பி நகரில் புனித சின்னப்பரும் சீலாவும் விசாரணையின்றி அடிக்கப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். விடிந்ததும் அதிகாரிகள் ஆளனுப்பி, சத்தமின்றிப் போய்விடுங்கள் என்றார்கள். சின்னப்பர் போகவில்லை. உரோமைக் குடிமக்களை விசாரணையின்றி வெளிப்படையாக அடித்துவிட்டு மறைவாக அனுப்புவதா, அவர்களே நேரில் வந்து எங்களை வெளியே அழைத்துச் செல்லட்டும் என்று உட்கார்ந்துவிட்டார். அப்போஸ்தலர் பணி நூலின் பதினாறாம் அதிகாரத்தில் இது இருக்கிறது. தமக்குரிய சட்டத்தை அவர் அறிந்திருந்தார். வேண்டிய இடத்தில் அதைச் சொல்லவும் செய்தார்.

அப்படியானால் நம் கடைக்காரர் அறிந்திருக்க வேண்டியது என்ன? வங்காளத்தைச் சேர்ந்த திலீப் குமார் பாசு 1986-இல் உச்சநீதிமன்றத் தலைமை நீதிபதிக்குக் காவல் மரணங்களைப் பற்றி ஒரு கடிதம் எழுதினார். அக்கடிதமே மனுவாக ஏற்கப்பட்டு, பத்தாண்டு கழித்து, 1996 டிசம்பர் 18 அன்று தீர்ப்பாயிற்று. கைது செய்பவர் பெயரும் பதவியும் தெரியும் பட்டையை அணிந்திருக்க வேண்டும். கைதான நேரத்தையும் நாளையும் குறித்து அரெஸ்ட் மெமோ எழுத வேண்டும். குடும்பத்தார் ஒருவரோ ஊரில் மதிக்கத்தக்கவர் ஒருவரோ அதில் சாட்சியாக ஒப்பமிட வேண்டும். கைதானவரும் ஒப்பமிட வேண்டும். உறவினருக்கு அறிவிக்க வேண்டும். காவலில் இருக்கும்வரை நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவச் சோதனை நடக்க வேண்டும். வழக்கறிஞரைச் சந்திக்க விட வேண்டும். இந்நெறிகளில் பெரும்பாலானவை பின்னர்ச் சட்டத்திலேயே ஏறின. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இடம்பெற்றுள்ளன. அறுபது வயதைக் கடந்தவரை, மூன்றாண்டுக்குக் குறைந்த தண்டனையுள்ள குற்றத்துக்காகக் கைது செய்வதானால் டி.எஸ்.பி. நிலையிலுள்ள அதிகாரியின் முன் அனுமதி வேண்டும் என்பது புதிய சட்டம் சேர்த்த ஒன்று.

ஊரில் மதிக்கத்தக்கவர் என்ற அந்தச் சொல்லை நாம் கவனிக்க வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு ஒருவரை அழைத்துச் சென்றால், பின்னாலேயே போய், மெமோவில் சாட்சிக் கையெழுத்திட நான் இருக்கிறேன் என்று சொல்லச் சட்டம் இடம் தந்திருக்கிறது. ஊர்ப் பஞ்சாயத்தார் போகலாம். பள்ளி ஆசிரியர் போகலாம். உபதேசியாரோ வின்சென்ட் தே பவுல் சபை உறுப்பினரோ போகலாம். தனியே போகாமல் இருவராகப் போவது நல்லது. நிலையத்தில் குரலை உயர்த்தத் தேவையில்லை. அங்கே பிறர் கண் ஒன்று இருக்கிறது என்பதே பல வேளைகளில் போதும். பங்குக் குருவை எழுப்ப வேண்டியிருந்தால் தயங்காமல் எழுப்புங்கள், நோயில்பூசுதலுக்கு எழுப்புவதில்லையா?

சாத்தான்குளத்தில் அழிந்த கேமராப் பதிவுகளை நினைக்கும்போது, அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று வந்த வேறொரு தீர்ப்பும் நினைவுக்கு வருகிறது. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் வாயில், வரவேற்பிடம், பூட்டறை, தாழ்வாரம் என எல்லா இடத்திலும் கேமரா இருக்க வேண்டும், பதிவுகளைப் பதினெட்டு மாதம் காக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் பணித்தது. ஆகையால் ஒருவர் நிலையத்தில் அடிக்கப்பட்டால், அந்த நாள், நேரம் குறித்து, பதிவை அழிக்காமல் காக்கும்படி உடனே எழுதிக் கொடுப்பது பயனுள்ளது. கேமரா பழுதாயிருந்தது என்ற விடை வருமேயானால், அவ்விடையும் ஓர் ஆவணமே.

சாலையோரத்தில் கூடை வைத்து மீன் விற்கும் நம் தாய்மாருக்கென்று தனியாக ஒரு சட்டம் உண்டு. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் என்று பெயர். சான்றிதழ் பெற்று, அதன் நிபந்தனைப்படி விற்பவரை, வேறு எந்தச் சட்டத்தைக் காட்டியும் போலீசாரோ மற்ற அதிகாரியோ தடுக்கக் கூடாது என்று அதன் 27-ஆம் பிரிவு கூறுகிறது. சரக்கைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதித் தர வேண்டும். அழுகும் பொருளை, உரியவர் கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும். மற்றவற்றை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும். ஐஸ் உருகிக்கொண்டிருக்கும் இறால் கூடையை மாலை வரை நிலைய வாசலில் வைத்திருந்து, பிறகு பாதியாகத் திருப்பித் தருவதை விதி என்று எண்ணிப் பழகிய தாய்மாருக்கு இது புதிய செய்தியாக இருக்கும். சான்றிதழை நகரங்களில் விற்பனைக் குழு வழங்குகிறது; பொன்னேரி, திருவொற்றியூர்ப் பக்கம் போய் விற்பவர்கள் அங்குள்ள நகராட்சி, மாநகராட்சி அலுவலகத்தில் விசாரித்துப் பதிந்துகொள்வது நலம்.

புகார் எங்கே கொடுப்பது? 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில், போலீசார்மீதான புகார்களை விசாரிக்கத் தனி ஆணையம் வேண்டும், அதற்கு ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமை தாங்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் சொல்லிற்று. தமிழகம் 2013-இல் இயற்றிய சட்டமோ, மாநில அளவில் உள்துறைச் செயலரையும் மாவட்ட அளவில் ஆட்சியரையும் தலைவராக வைத்து, போலீஸ் உயரதிகாரிகளையே உறுப்பினராக்கிற்று. மாமியார் வீட்டு வழக்கை மாமனாரிடமே சொல்வது போன்றது இது என்று நம் பங்கு வழக்கறிஞர் ஒருவர் கூறுவார். ஆகவே மாநில மனித உரிமை ஆணையத்தை நாடுவதே எளியவருக்கு ஏற்ற வழி என்று தோன்றுகிறது. 1997 முதல் சென்னையில் இயங்கும் அவ்வாணையத்துக்கு வெள்ளைத்தாளில் தமிழிலேயே எழுதலாம், கட்டணம் இல்லை, நிகழ்ந்த ஓராண்டுக்குள் எழுதிவிட வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும், காவலில் இருக்கும் எவருக்கும் வருமானம் பாராமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரைத் தரும். 15100 என்ற எண்ணில் அதை அழைக்கலாம்.

எழுதும்போது கோபத்தைக் குறைத்து விவரத்தைக் கூட்டுங்கள். நாள், மணி, இடம், ஜீப்பின் எண், பெயர்ப் பட்டையில் கண்ட பெயர், கேட்ட தொகை, உடனிருந்தவர் யார் என்பவை வேண்டும். பட்டை இல்லாதிருந்தால் இல்லை என்று எழுதுங்கள். அபராதம் என்று வாங்கியிருந்தால் ரசீதின் நகலை இணையுங்கள். ரசீது தரவில்லையென்றால் அதையும் எழுதுங்கள். காயம் இருப்பின் அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று, எவ்வாறு ஏற்பட்டது என்று நீங்கள் சொன்ன சொல்லையே மருத்துவர் குறிப்பேட்டில் எழுதும்படி கேளுங்கள். சந்தை நாள் நீங்கலாக மற்ற மாலைகளில் பங்கு இல்லத்தில் தாளும் பேனாவும் உண்டு. எழுதத் தெரியாதவர்க்கு எழுதித்தர நம் இளைஞர் இருவர் இசைந்திருக்கின்றனர்.